எட்டாம் கட்டம்

மஹதியின் மாமனார் வெங்கடரமணன் இன்டர்நெட்டுக்குப் போவதைக் கோயிலுக்குப் போவது போலத்தான் செய்வார். காலையில் குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, இரண்டாம் காபியையும் முடித்துவிட்டுப் பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாரென்றால் பதினொன்றரைக்குத்தான் எழுந்திருப்பார். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில், இரண்டாம் மாடி ஃபிளாட்டில், ஹாலுக்குப் பக்கத்துச் சின்ன அறை அதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. கம்ப்யூட்டரை வாங்கி வைத்தவன் மகன் பரத்வாஜ், மஹதியின் கணவன். தி. நகரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அப்பா ரிடையர் ஆன மூன்றாம் மாதமே அம்மாவின் ரசத்தில் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டதைப் பார்த்து, வீடு ரணகளமாவதற்குள் வாங்கிப்போட்டான்.

வெங்கடரமணன் அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பத்துமூன்று வருஷம் வரைபடங்களைச் சரிபார்த்தவர். பிறர் போட்ட படத்தை எடுத்து, அளவுகளை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்து, சரியாக இருந்தால் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக், தப்பாக இருந்தால் ஒரு வட்டம். ஆபீஸ் மேஜையைத் திருப்பிக் கொடுத்தாரே தவிர, சிவப்புப் பென்சிலைக் கொடுக்கவில்லை. இன்டர்நெட்டில் புதிதாக எந்த இடத்தைக் கண்டுபிடித்தாலும் கட்டம் போட்ட ஒரு நோட்டில் அதன் விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் 'நன்று', 'சுமார்', 'வரவில்லை' என்று குறிப்பு எழுதுவார். மத்தியானம் சாப்பிடும்போது வீட்டாருக்கு விளக்கம் நடக்கும். அமெரிக்காவில் யாரோ ஒருவன் தன் வீட்டு மீன் தொட்டிக்கு முன்னால் காமிரா வைத்திருக்கிறானாம். அதிலிருக்கும் சிவப்பு மீனை நாம் மயிலாப்பூரில் உட்கார்ந்தபடி பார்க்கலாமாம். பிறந்த தேதியைக் கொடுத்தால் எத்தனை நாள் உயிரோடு இருந்திருக்கிறோம் என்று இன்னொருவன் சொல்கிறானாம். மனுஷர் இருபத்தோராயிரத்துச் சொச்சம் நாள் இருந்திருக்கிறார். அதைக் கேட்டு மாமியார் தங்கம், அத்தனை நாளும் தானே சமைத்தது போல ஒரு பெருமூச்சு விட்டாள்.

இதெல்லாம் மஹதிக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது, அந்த மே மாதம் வரைக்கும். தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து மே. அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் எடுப்பவள். லீவு என்பதால் முழு நாளும் வீட்டில் இருந்தாள். அப்போதுதான் மாமனார் ஜாதகம் கணிக்கிற இடத்தைக் கண்டுபிடித்தார்.

அமெரிக்காவில் குடியேறின நம்மூர்க்காரர் யாரோ இலவசமாக நடத்துவது. பிறந்த தேதி, நேரம், ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, இவ்வளவும் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் பன்னிரண்டு கட்டமும் போட்டு, கீழே என்னென்ன தோஷம் என்று வரிசையாக எழுதிவிடும். அட்சரேகை கேட்டதிலேயே வெங்கடரமணன் விழுந்துவிட்டார். அவர் ஆயுசில் எந்த ஜோசியரும் அதைக் கேட்டதில்லை. முதலில் தன் ஜாதகத்தைப் போட்டு, அவருடைய அப்பா கையால் எழுதி வைத்ததோடு கட்டம் கட்டமாக ஒத்துப் பார்த்தார். பன்னிரண்டு டிக். அடுத்த நாள் தங்கத்தின் ஜாதகம், அதற்கடுத்த நாள் பரத்வாஜினுடையது. எல்லாம் டிக். பரத்வாஜ் சிரித்தான். வெறும் கணக்குதான் அது, இதற்குப் போய் இவ்வளவு மரியாதையா என்று அப்பாவைச் சீண்டிவிட்டு, பைக்கை உதைத்துக்கொண்டு ஆபீஸ் போனான்.

விஷயம் அடையாறில் இருக்கும் வெங்கடரமணனின் தம்பி வீட்டுக்குப் பரவியது. எங்களுடையதையும் பார்த்துச் சொல்லு என்று தம்பி கேட்க, அவர் ஜாதகங்களை வாங்கிவந்து வரிசையாகப் பார்த்தார். தம்பி மருமகள் நீரஜாவின் ஜாதகத்தில் சனி இருக்கவேண்டிய கட்டத்தில் இல்லை. ஒரு வட்டம் போட்டார். மனதில் கல்மிஷம் ஏதுமில்லாமல், படத்தில் அளவுத் தப்பு என்று சொல்கிற மாதிரித் தம்பிக்குப் போன் பண்ணிச் சொன்னார். அந்த வாரமே நீரஜாவின் அப்பாவை மதுரையிலிருந்து வரவழைத்து, நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்களாம். வந்த மனுஷர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். திரும்பிப் போகும்போது பெண்ணையும் கூட அழைத்துப் போனார். கொஞ்ச நாள் ரெஸ்ட் என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள்.

"நான் தப்பை மட்டும்தான் சொன்னேன்" என்று வெங்கடரமணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் புலம்பினார். மூன்றாம் நாள் தங்கம் அப்பளத்தைத் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "நம்மாத்து மாட்டுப்பொண்ணோடதையும் ஒரு தடவை பாத்துடுங்கோ. ஒண்ணும் இருக்காது. பாத்து வச்சுண்டா மனசுக்கு நிம்மதி."

மஹதி பரிமாறிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த மோர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். வைக்காவிட்டால் போட்டிருப்பாள்.

ஏனென்றால் அவள் ஜாதகம் பொய். பிறந்த தேதியும் நேரமும் சத்தியமானவை, கட்டம்தான் பொய். அவள் அசல் ஜாதகத்தில் செவ்வாய் எட்டாம் கட்டத்தில் இருந்தது. எட்டில் செவ்வாய் இருக்கிற பெண் என்றதும் மூன்று வரன்கள் வாசலோடு போய்விட்டன. நாலாவதாகப் பரத்வாஜ் வீட்டிலிருந்து கேட்டபோது, அவள் அப்பா சங்கரன் கோட்டூர்புரத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, புதுத் தாளில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தன் கையாலேயே ஜாதகத்தை எழுதினார். எல்லாம் அப்படியே, செவ்வாய் மட்டும் ஒன்பதாம் கட்டத்தில். மஹதி அறைக்குள் வந்து பார்த்துவிட்டாள். "ஒரே ஒரு கட்டம்தாம்மா, பக்கத்துல தள்ளி எழுதியிருக்கேன்" என்றார். "ஆகாசத்துல இருக்கிற செவ்வாய் அது இருக்கிற இடத்துலேயேதான் இருக்கும்." அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. பேசாமல் இருந்துவிட்டாள்.

அது நாலு வருஷமாக ஒருவர் கண்ணிலும் படவில்லை. படுவதற்கு வழியும் இல்லை. பொருத்தம் பார்க்கிற ஜோசியர் எழுதிக் கொடுத்த கட்டத்தைப் பார்ப்பாரே தவிர, பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு புதிதாகக் கணித்துப் பார்க்கமாட்டார். ஆனால் இந்தக் கம்ப்யூட்டர் கட்டத்தைக் கேட்பதே இல்லை. தேதியையும் நேரத்தையும் ஊரையும் மட்டும் கேட்கிறது.

அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கிடையாது என்று நாலு வருஷமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வருகிறாள். செவ்வாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, சூரியனைச் சுற்ற எத்தனை நாள் எடுக்கும் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவள். ஆனால் பரத்வாஜ் வர அரைமணி தாமதமானால் பால்கனிக்கும் ஹாலுக்கும் நடையாய் நடப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடையாறு பாலத்தில் அவன் பைக்கிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற மஹதி எட்டாம் கட்டத்தைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. தங்கம் அப்போதே இரண்டு ஜாதகத்தையும் எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் ஓடினாள். பெண் ஜாதகத்தில் ஒரு குறையும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் அன்றைக்கு உயிர் வந்தது. மஹதிக்கு மட்டும் பயம் இரட்டிப்பானது. பரத்வாஜுக்கோ பயம் ஒன்றுமே இல்லை. கட்டுப் பிரித்த அன்று சாயங்காலமே அவளைப் பின்னால் உட்காரவைத்துக் கொட்டிவாக்கம் கடற்கரைக்கு அதே பைக்கில் பறந்தான்.

நோட்டில் அவள் பெயரை எழுதி, கீழே கோடும் போட்டு, ஒரு புதன்கிழமை பத்து மணிக்கு மாமனார் உட்கார்ந்தார். பக்கத்தில் மஞ்சள் தடவிய தாள். மோடம் கீச்சிட்டு, கரகரத்து, ஒருவழியாக அடங்கியது. ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்த மஹதி அந்தச் சத்தம் அடங்கும்வரை மூச்சு விடவில்லை. மேஜையில் டெலிபோன் இருந்தது. ஒரே லைன்தான், உள்ளே கம்ப்யூட்டருக்கும் அதுவே. யோசித்துச் செய்தாளா, கை தானாகப் போனதா, அவளுக்கே தெரியாது. ரிசீவரை எடுத்துவிட்டாள். காதில் இரைச்சல் அடித்தது. எண்ணி ஐந்து வினாடி கழித்து ஓசைப்படாமல் வைத்தாள்.

உள்ளே வெங்கடரமணன் 'சே' என்றார். கனெக்‌ஷன் போய்விட்டது.

அன்றைக்கு மூன்று தடவை முயன்றார். மூன்று தடவையும் போனது. வியாழக்கிழமை நாலு தடவை. மஹதி துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். மாமனாரின் விரல் எந்தப் பொத்தானில் இருக்கிறது என்று சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்ளுமளவுக்குக் காது கூர்மையாகிவிட்டது. தேதி போடும்போது விட்டுவிடுவாள். நேரம் போட ஆரம்பித்ததும் ரிசீவரை எடுப்பாள். பெற்ற தகப்பன் மாதிரி நடத்துகிற மனுஷரை ஒளிந்திருந்து ஏமாற்றுகிறோமே என்று அழுகை வந்தது. அதற்காகக் கையை நிறுத்தவும் முடியவில்லை. நீரஜாவின் அப்பா உட்கார்ந்த நாற்காலியில் தன் அப்பா உட்கார்ந்திருப்பது கண் முன்னால் வந்து வந்து போனது.

அன்று சாயங்காலம் கொத்துமல்லி வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டு, லஸ் முனையில் ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டாள். சங்கரன் விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, ஏதாவது ஆனால் எல்லாம் அப்பா பண்ணினது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடு, நான் வந்து காலில் விழுகிறேன் என்றார்.

"அது இருக்கட்டும்ப்பா. உங்களுக்கு ஒருநாளாவது பயமா இருந்துதா?"

"அவர் வண்டியிலேருந்து விழுந்தாரே, அன்னிக்கு ராத்திரியே பஸ் பிடிச்சு வைத்தீஸ்வரன் கோயில் போனேன். அங்காரகனுக்கு அர்ச்சனை பண்ணிட்டு வந்தேன். உங்கிட்ட சொல்லலை."

அந்த ஒரு ரூபாய்க்கு உண்டான நேரம் முடிந்து போன் அறுந்தது. ஒரே ஒரு கட்டம்தான் என்று சொன்ன மனுஷர், ராத்திரியோடு ராத்திரியாகச் செவ்வாய் சந்நிதிக்கு ஓடியிருக்கிறார். லஸ் முனையில் பஸ்ஸும் ஆட்டோவும் இரைந்துகொண்டு போக, கொத்துமல்லி வாங்க மறந்து மஹதி அப்படியே நின்றாள். இத்தனை நாளும் தன்னுடைய பயம் அசட்டுத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்த ஆறுதலும் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை வெங்கடரமணன் லைன்மேன் ஷரீஃபைக் கூட்டிவந்துவிட்டார். அந்தப் பக்கத்துத் தெருக்களின் டெலிபோன் எல்லாம் ஷரீஃபின் கையில்தான். கம்பியைத் தட்டிப் பார்த்தார், டப்பாவைத் திறந்து மூடினார், ரிசீவரைக் காதில் வைத்து யாரையோ கூப்பிட்டு நம்பர் சொன்னார். பிறகு எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார்: "லைன் சுத்தமா கீது சார். நீங்க உள்ள கம்ப்யூட்டர் பாத்துக்கினு இருக்கச்சொல்ல, இங்க யாரோ போனை எடுக்கிறாங்க."

மஹதி அவருக்காகத் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தாள். மாமனார் திரும்பி ஹாலைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். மடித்து வைத்த துணிகளைப் பார்த்தார். கடைசியில் அவள் முகத்தைப் பார்த்தார். முப்பத்துமூன்று வருஷம் தப்பைத் தேடிப் பழகின கண். 

"நான்தான் எடுத்திருப்பேன்" என்று சமையலறையிலிருந்து தங்கம் குரல் கொடுத்தாள். "தொடைக்கறச்சே எடுத்துட்டு வைக்கறதுதான். அதுக்கா இத்தனை அமர்க்களம்?"

மாமனார் பார்வையை விலக்கிக்கொண்டார். ஷரீஃப் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, அறை வாசலில் சின்னதாக ஒரு ஸ்விட்சைப் பொருத்தினார். அதை ஒரு பக்கம் தள்ளினால் கம்ப்யூட்டர், மறுபக்கம் தள்ளினால் டெலிபோன். இனிமேல் ஹாலில் யார் ரிசீவரை எடுத்தாலும் உள்ளே ஒன்றும் ஆகாது. வெங்கடரமணன் அதை இரண்டு தடவை தள்ளிப் பார்த்துத் திருப்திப்பட்டார். இன்றைக்கு ராகுகாலம் வந்துவிட்டது, நாளைக்கு முதல் வேலை மஹதியின் ஜாதகம்தான் என்று அறிவித்தார்.

அவளிடம் மிச்சமிருந்த ஒரே ஆயுதமும் போய்விட்டது. மத்தியானம் முழுக்கக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மஞ்சள் தாளில் நேரத்தைத் திருத்திவிடலாமா என்று தோன்றியது; தாள் பீரோவுக்குள், சாவி தங்கத்தின் இடுப்பில். ஐந்து மணிக்கு ஒரு முடிவுக்கு வந்தாள். பரத்வாஜிடம் சொல்லிவிடுவது. நாளைக்கு மாமனார் வாயால் கேட்பதைவிட, இன்றைக்குத் தன் வாயால் கேட்கட்டும். அவன் இதையெல்லாம் நம்பாதவன். இந்த வீட்டில் அவளைக் காப்பாற்ற ஒருவனால் முடியுமென்றால் அவனால்தான் முடியும்.

ஆபீஸிலிருந்து வந்தவனை உடை மாற்றக்கூட விடாமல் நாகேஸ்வரராவ் பூங்காவுக்கு அழைத்துப் போனாள். கல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவன் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக் கொறித்துக்கொண்டிருக்க, அவள் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். புதுத் தாள், மஞ்சள், பக்கத்துக் கட்டம், ரிசீவர், ஷரீஃப். 

பரத்வாஜ் சிரித்தான். வாய்விட்டு, பக்கத்தில் நடைப்பயிற்சி போனவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தான். "இவ்வளவுதானா? மூணு நாளா நீ இருக்கிற இருப்பைப் பாத்துட்டு, உனக்கு ஏதோ பெரிய வியாதி, மறைக்கறேன்னு நினைச்சுண்டிருந்தேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாளைக்குச் சனிக்கிழமை, தனக்கு லீவு, அப்பா பக்கத்தில் தானே உட்கார்ந்துகொள்வதாக அவன் சொன்னான். செவ்வாய் எட்டில் வந்தால், அந்த சைட்டில் கணக்குத் தப்பு என்று ஒரே போடாகப் போட்டுவிடுவான். கம்ப்யூட்டர் விஷயத்தில் அப்பா அவன் பேச்சைத் தட்டமாட்டார். அப்படியே நீரஜாவையும் திரும்பக் கூப்பிடச் சித்தப்பாவிடம் சொல்லிவிடலாம் என்றான். அழுகையும் சிரிப்புமாக மஹதி தலையை ஆட்டினாள்.

"அது சரி, எட்டுல செவ்வாய் இருந்தா என்ன பண்ணுமாம்?" என்று கேட்டான், கடலைத் தோலை ஊதிக்கொண்டே.

அவள் தயங்கினாள். "கட்டிண்டவருக்கு ஆகாதும்பா."

"ஆகாதுன்னா?"

"உயிருக்கு."

"ஓஹோ" என்றான். பொட்டலத்தில் இன்னும் பாதிக் கடலை இருந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெட்ரோல் பங்க்கில் பைக்கை நிறுத்தினான். அவனே இறங்கி மூடியைத் திறந்து, கழுத்து வரைக்கும் போடச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டான். மறுபடி வண்டி கிளம்பியதும் மஹதி அவன் முதுகில் சாய்ந்துகொண்டாள். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பைக்கில் பயமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். லஸ் சிக்னலில் மஞ்சள் விழுந்ததுமே அவன் நிறுத்திவிட்டான். பின்னாலிருந்த ஆட்டோக்காரர் திட்டினார். எப்போதும் மஞ்சளில் சீறிக்கொண்டு போகிறவன்தான். தான் பின்னால் இருப்பதால் நிதானமாகப் போகிறான் என்று அவள் நினைத்து மகிழ்ந்தாள்.

சனிக்கிழமை பத்து மணி. ஸ்விட்சைத் தள்ளிவிட்டு வெங்கடரமணன் உட்கார்ந்தார். பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டு பரத்வாஜ். கதவோரம் தங்கம். மஹதி சமையலறையில் வாழைக்காயைச் சீவியபடி காதை அங்கே வைத்திருந்தாள். மோடம் கத்தி ஓய்ந்தது. இந்தத் தடவை யாரும் குறுக்கிடவில்லை. மாமனார் விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக்கொண்டே அடித்தார். பிறகு அமைதி. அது நீண்டுகொண்டே போனது. பயப்படவேண்டாம் என்று தெரிந்திருந்தும், கத்தி விரலில் பட்டுவிட்டது.

"என்னடா இது, வெறும் சாம்பல் கலரா வரது?" என்று மாமனார் குரல் கேட்டது.

பரத்வாஜ் எட்டிப் பார்த்துப் படித்துச் சொன்னான். அந்தப் பக்கமே இப்போது அங்கே இல்லையாம். நடத்தினவர் எடுத்துவிட்டாரோ, இடம் மாற்றிவிட்டாரோ. இலவசமாக நடத்துவதெல்லாம் அப்படித்தான், இன்றைக்கு இருக்கும், நாளைக்குக் காணாமல் போகும். வெங்கடரமணன் விடாமல் மூன்று தடவை முயன்றார். மூன்றாவது முறையும் சாம்பல் நிறம்தான். நோட்டை எடுத்து, அந்த விலாசத்துக்கு எதிரே 'நன்று' என்று இருந்ததை அடித்துவிட்டு 'வரவில்லை' என்று எழுதினார். போறது விடுங்கோ, ஒரு ஜாதகத்தால் ஆத்தில் நடந்ததே போதும் என்று தங்கம் உள்ளே வந்துவிட்டாள். கால்மணி நேரத்துக்கெல்லாம் மாமனார் எங்கேயோ பனிப் பிரதேசத்தில் பென்குவின்களுக்கு முன்னால் வைத்த காமிராவைக் கண்டுபிடித்து, எல்லோரையும் வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்.

மஹதி ரத்தம் வந்த விரலைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எவருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. இருந்தாலும் என்ன, சொன்னதும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தாள். இனிமேல் பரத்வாஜிடம் மறைக்க ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பரத்வாஜ் மத்தியானம் தூங்கவில்லை. ஆபீஸ் வேலை என்று கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்தவன் நாலு மணி வரை எழுந்திருக்கவில்லை. அவள் காபி கொண்டுபோனபோது திரையில் எதையோ சட்டென்று மூடினான். மூடுவதற்கு முன்னால் கட்டங்கள் தெரிந்தன. ஆபீஸ் கணக்குகளுக்கும் கட்டம் உண்டு. எண்ணினாளானால் பன்னிரண்டு இருந்திருக்குமோ என்னவோ, அவள் எண்ணவில்லை. காபியை வைத்தாள். அவன் அவளை நிமிர்ந்து பார்க்காமல் டம்ளரை எடுத்துக்கொண்டான். சாயங்காலம் கடற்கரைக்குப் போகலாமா என்று அவள் கேட்டதற்குத் தலை வலிக்கிறது என்றான்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பினான். பைக் சாவி ஆணியிலேயே தொங்கிற்று. மறந்துவிட்டானே என்று அவள் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"இல்லை, இன்னிக்கு பஸ்ல போயிடறேன்" என்றான், செருப்பை மாட்டியபடி. "வண்டியில பெட்ரோல் இல்லை."

படியிறங்கிப் போனான். அவள் பால்கனிக்கு வந்து பார்த்தாள். சந்தின் ஓரமாக, சுவரைத் தொடுகிற மாதிரி ஒதுங்கி நடந்துகொண்டிருந்தான். எதிரே ஒரு சைக்கிள் ரிக்‌ஷா வந்ததற்கு நின்று, அது தாண்டிப்போனபின் நடந்தான். தோள் எலும்பு முறிந்து கட்டுப் பிரித்த அன்றைக்கே பைக்கில் பறந்தவன். சந்து முனையில் திரும்பி ஒருமுறை மேலே பார்த்தான். அவள் கையை ஆட்டினாள். பரத்வாஜ் ஆட்டவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி அங்கே நிற்பது போல ஒரு கணம் பார்த்துவிட்டு, விறுவிறுவென்று பன்னிரண்டு பி பஸ் நிற்கிற ஸ்டாப்பை நோக்கிப் போய்விட்டான்.

அவள் உயர்த்திய கையைக் கீழே இறக்கினாள். இத்தனை நாளும் அவனுக்கு என்ன ஆகுமோ என்று பயந்தாள். இப்படி ஒரு பயம் இருக்கமுடியும் என்று அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

உள்ளே மோடம் கீச்சிட ஆரம்பித்திருந்தது. மாமனார் இன்று சீக்கிரமே உட்கார்ந்துவிட்டார். மஹதி சாவியோடு இரண்டு மாடியும் இறங்கினாள். பைக் மேல் போர்த்தியிருந்த உறையை விலக்கினாள். டாங்க் மூடியில் சாவியைப் போட்டுத் திருப்பினாள். இரண்டு தடவை நழுவி, மூன்றாம் தடவைதான் திறந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் பக்கத்தில் நின்று பார்த்துப் போட்ட பெட்ரோல், கழுத்து வரைக்கும் அப்படியே நின்றது.